வந்திருச்சா? இன்னும் வரல!

சேலம் பேருந்து நிலையத்தில் ஏற்காடு வண்டிக்குக் காத்திருப்பவர்களின் பேச்சைக் கவனியுங்கள். "பஸ்ஸு வந்திருச்சா?" என்பார் ஒருவர். "இன்னும் வரல" என்பார் மற்றவர். "வந்துடல" என்று பதில் வராது. 'வந்திருச்சா' என்பது 'வந்துவிட்டதா'தான், 'வந்துடல' என்பது 'வந்துவிடவில்லை'. கேள்வியில் இருந்த 'விடு' பதிலில் எங்கே போனது?

பள்ளி இலக்கணம் இதைத் துணைவினை என்று சொல்லி நகர்ந்துவிடும். விளக்க இலக்கணம் எழுதுபவர் அப்படி நகர முடியாது. எப்படிப் பேச வேண்டும் என்பதல்ல, எப்படிப் பேசுகிறார்கள் என்பதே அவர் கணக்கு.

வெறுமனே கேள்வி கேட்டு எழுதினால் வம்புதான். ஆங்கிலச் செயப்பாட்டுவினை வாக்கியத்தைக் கொடுத்து 'இதைத் தமிழில் சொல்லுங்கள்' என்றால், "நான் நாயால் கடிக்கப்பட்டேன்" என்று மரியாதைக்குச் சொல்லிவிடுவார்கள். கடி வாங்கியவர் யாரும் அப்படிச் சொன்னதில்லை. "நாய் கடிச்சிருச்சு" என்றுதான் அலறுவார். அதனால் முதலில் கதை, சண்டை, காப்பித் தோட்டத்து அரட்டை எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். நீலகிரியில் 1930களில் தோடர் மொழியைக் கேட்டு எழுதிய மொழியியலாளர் எமனோ (M. B. Emeneau), 1984-இல் வெளியிட்ட நூலில் இலக்கணத்தோடு தோடர் சொன்னவற்றையும் சேர்த்தே கொடுத்தார். விதியை நம்பாதவர் மூலத்தைப் புரட்டிச் சரிபார்க்கலாம்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இன்னொரு பொறி. அங்குள்ள மலையாளிப் பழங்குடியினரின் பெயருக்கும் கேரளத்துக்கும் முடிச்சுப் போடக்கூடாது. மலையில் வாழ்பவர் என்றே பொருள், பேசுவது தமிழின் ஒரு வழக்கு. டவுனிலிருந்து போகும் ஆய்வாளரிடம் டவுன் தமிழிலேயே பேசிவிடக்கூடும். அவர்களுக்குள் பேசும்போதுதான் காதைத் தீட்ட வேண்டும்.

ஆனால் பதிவிலும் ஒரு குறை உண்டு. எது சொல்லப்படாது என்பதை அது காட்டாது. 'வந்துடல' தற்செயலாக விடுபட்டதா, தவறா? இங்கே கேட்டுத்தான் ஆகவேண்டும். "அப்படிச் சொல்லமாட்டோம்" என்பார்கள். விதி கிடைத்ததென்று நோட்டை மூடும்போது, பக்கத்தில் ஒரு பாட்டி, "நாலு நாள் போகலேன்னா ஒண்ணும் கெட்டுப்போயிடல" என்பார். ஆக, எதிர்மறையில் 'விடு' வரும். பிறர் பயந்ததையோ நினைத்ததையோ மறுக்கும்போது வரும். எந்தச் சூழலில் சொன்னது என்று குறிக்காத எடுத்துக்காட்டு இங்கே உதவாது.

சரி, துணைவினைகளே பொதுவாக எதிர்மறைக்கு ஒத்துவராதோ? அதையும் பேருந்துக்குக் காத்திருக்கும் அந்த வரிசையிலேயே ஒருவர் உடைத்துவிடுவார், கடிகாரத்தைப் பார்த்தபடி: "சனியன், இன்னும் வந்து தொலையல."