பிரிட்டன் மாணவர் விசா: பணம் இருந்தும் மறுக்கப்படுவது ஏன்?

கோத்தகிரியிலும் குன்னூரிலும் பச்சைத் தேயிலை விற்ற காசைச் சேர்த்து வைத்துப் பிள்ளையைப் பிரிட்டனுக்குப் படிக்க அனுப்பத் துணியும் குடும்பங்கள், பணம் இருந்தும் அதை முறையாகக் காட்டத் தெரியாமல் விசாவை இழப்பதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் இதை எழுதுகிறேன்.

விதி சிறியது. படிப்பில் இடம் கிடைத்ததை உறுதிசெய்து பல்கலைக்கழகம் தரும் காஸ் (CAS) கடிதத்தின்படி இன்னும் கட்ட வேண்டிய முதலாண்டுக் கட்டணமும், அதிகபட்சம் 9 மாத வாழ்க்கைச் செலவும் கணக்கில் இருக்க வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் இச்செலவு மாதத்துக்கு லண்டனில் 1,529 பவுண்டு, வெளியே 1,171 பவுண்டு. இந்தத் தொகை தொடர்ந்து 28 நாட்கள் குறையாமல் இருக்க வேண்டும். அந்த 28ஆம் நாள், விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 31 நாட்களுக்குள் அமைய வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கணக்கில் சரியான தொகையை மட்டும் போட்டு வைத்தால், வங்கி எஸ்எம்எஸ் கட்டணமாகப் பிடிக்கும் சில ரூபாயே ஒருநாள் இருப்பை எல்லைக்குக் கீழே இறக்கிவிடும். பவுண்டு விலை ஏறினாலும் அப்படித்தான். ஆகவே தாராளமாகக் கூடுதல் தொகை வைத்திருங்கள்.

பணம் மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்க வேண்டும். தாத்தாவோ தாய்மாமனோ எவ்வளவு மனமுவந்து கொடுத்தாலும், அது அவர்கள் கணக்கில் இருக்கும்வரை செல்லாது. அப்பாவின் கணக்குக்கு மாற்றிய பிறகே 28 நாட்களை எண்ணத் தொடங்க வேண்டும். பெற்றோர் கணக்கைக் காட்டினால் ஒப்புதல் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் தேவை. பிள்ளையின் பெயரே ஏறாத பழைய சான்றிதழ்களும், பாஸ்புக்கில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் முழுப்பெயருமாக இருக்கும் அப்பாக்களும் நம் ஊரில் ஏராளம். இதைத் திருத்த அலுவலகம் அலுவலகமாக அலைய விடுவார்கள் என்பதால், கல்லூரி தேடும் நாளிலேயே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

சொத்து மதிப்புச் சான்றிதழ் வாங்கி வரும்படி ஏஜென்ட்டுகள் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள். பிரிட்டன் விசாவுக்கு நிலம், நகை, சீட்டு, பிஎஃப், பங்குகள் எதுவும் கணக்கில் வராது. அந்த நடை வீண். நினைத்தபோது எடுக்கக்கூடிய வைப்புத்தொகை செல்லும்.

கல்விக்கடன் வாங்குவோர்க்கு 28 நாள் காத்திருப்பு இல்லை. ஆனால் ₹7.5 லட்சத்துக்கு மேல் வங்கிகள் பொதுவாக அடமானம் கேட்கின்றன. நீலகிரியின் கூடலூரில், ஜென்மம் என்ற பழைய நில உடைமை முறையை ஒழித்த சட்டத்தின் பிரிவு 17இல் சிக்கிய நிலத்துக்குப் பட்டா இல்லாததால், தலைமுறையாக உழைத்தவர்கள் வங்கியிலிருந்து வெறுங்கையோடு திரும்புகிறார்கள். கடன் கிடைத்தாலும், கொள்கையளவில் ஒப்புதல் என்று மட்டும் சொல்லும் கடிதத்தை நம்ப வேண்டாம். பயணத்துக்கு முன் பணம் கிடைக்கும் என்றோ பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகச் செலுத்தப்படும் என்றோ தெளிவாக எழுதிய, விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் தேதியிட்ட கடிதத்தை மேலாளரிடம் வற்புறுத்திக் கேட்டு வாங்குங்கள்.

வட்டிக்குப் பணம் போட்டுக் காட்டுகிறோம், ஸ்டேட்மென்ட் தயாரித்துத் தருகிறோம் என்பவர்களிடம் போகவே வேண்டாம். போலி ஆவணம் பிடிபட்டால் 10 ஆண்டுகள் வரை விசா மறுக்கப்படலாம்; அதைச் செய்து கொடுத்தவருக்கு இதில் எந்த நட்டமும் இல்லை.