அறிவுப்பசியா, அறிநாட்டமா?

"அறிவியலாளருக்கு வேண்டிய முதல் நற்பண்பு அறிவுப்பசி." இந்த வாக்கியத்தை எத்தனை மொழிபெயர்ப்புகளில்தான் படிப்பது! 'கியூரியாசிட்டி' என்ற ஆங்கிலச் சொல் எங்கே வந்தாலும் அறிவுப்பசி என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தச் சொல்லின் வேர் லத்தீன் 'கூரா'. அக்கறை, கவனம் என்று பொருள். பழங்காலக் கிறித்தவ இறையியலாளர் அகஸ்டீன் காலத்தில் அது கண்களின் இச்சை என்று பழிக்கப்பட்டது. நவீன அறிவியல் வளர்ந்த பிறகுதான் நற்பண்புகளில் ஒன்றாக உயர்ந்தது.

சரி, பசிக்கு வருவோம். பசி தானாக வருவது. பசித்திருக்கிறார் என்பதற்காக ஒருவரை நல்லவர் என்று பாராட்டுவோமா? பசி உண்டதும் அடங்கும், கிடைத்ததைத் தின்னவும் வைக்கும். தகவல்களைச் சேர்த்துக்கொண்டே போகிறவருக்கு அறிவுப்பசி பொருத்தமான பெயர்தான். கையில் இருக்கும் விடையையே சந்தேகித்துத் தோண்டுகிறவருக்கு அது எப்படிப் பொருந்தும்?

ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபுவை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், அம்மோனியாவிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிடச் சற்றே கனமாக இருந்தது. முதலில் கண்ட வித்தியாசம் ஏறக்குறைய 1000-இல் ஒரு பங்குதான். அளவைப் பிழை என்று ஒதுக்கியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் திரும்பத் திரும்ப நிறுத்துப் பார்த்தார். காரணம் பிடிபடாததால் 1892-இல் 'நேச்சர்' இதழுக்கு எழுதி, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார். 1894-இல் வேதியியலாளர் ராம்சேயுடன் சேர்ந்து, காற்றில் கலந்திருந்து அந்தக் கூடுதல் எடையைத் தந்த ஆர்கான் என்ற புதிய வாயுவை அறிவித்தார். பொருந்தாத எண்ணை மறைக்காத நேர்மை, தெரியாததை ஒப்புக்கொள்ளும் துணிவு, விடாத கவனம் எல்லாம் இதில் இருக்கின்றன. இதைப் போய்ப் பசி என்பதா?

'ஆர்வம்' இதைவிடத் தேவலாம், ஆனால் நீர்த்துப்போன சொல். 'அன்பு ஈனும் ஆர்வம் உடைமை' என்று வள்ளுவர் சொன்னபோது அது பிறர்மேல் வைக்கும் விருப்பம். இன்று 'ஆர்வமுள்ளோர் விண்ணப்பிக்கலாம்' என்ற அளவுக்கு வந்துவிட்டது. 'அறியும் அவா' என்பாரும் உண்டு. அவாவை அறுக்கச் சொல்லி ஓர் அதிகாரமே இருக்கும் மொழியில் அதை நற்பண்பாக்குவது கடினம்.

என் பரிந்துரை அறிநாட்டம். 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்ற குறளில் நாடுதல் என்பது ஆராய்தல். அறிகுறி, அறிகருவி போல இதுவும் வினைத்தொகை. அறிந்ததையும் அறிகிறதையும் இனி அறியப்போவதையும் ஒருசேரத் தழுவும். நாட்டம் இன்று வெறும் விருப்பத்தைத்தானே குறிக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 'நாடி' என்ற வினை இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால் முன்னால் 'அறி' சேர்ந்ததும் தேடல் என்ற பொருள் மீண்டுவிடும்.

குழந்தையின் கேள்விகளுக்கு 'ஆவல்' போதும். அண்டைவீட்டுச் சங்கதியைக் கிண்டுவதற்குத் 'துருவல்' இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் எல்லா இடத்துக்கும் ஒன்றையே ஒட்டுவதுதான் இன்றைய மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள பெரிய மனக்குறை. அகராதியின் முதல் சொல்லை எடுக்குமுன் அந்த வாக்கியம் யாரைப் பற்றிப் பேசுகிறது என்றாவது பார்க்க வேண்டாமா?