யார் முதலில் நகர்வது?

அரங்கம் ஒன்றில் தீப்பிடித்தால் கூட்டம் எவ்வளவு நேரத்தில் வெளியேறும் என்று பார்க்கும் சிமுலேஷன் ஒன்றைச் சில வருடங்களுக்கு முன் எழுதினேன். உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஆளும் ஒரு ஏஜென்ட். இன்சூரன்ஸ் ஏஜென்ட் இல்லை. தன் அக்கம்பக்கத்தை மட்டும் பார்த்துத் தானே முடிவெடுக்கும் சின்ன நிரல். வாசலை நோக்கி நட, முன்னால் ஆள் இருந்தால் நில், பக்கத்தில் இடம் இருந்தால் நகர். அவ்வளவுதான் விதி. ஓடவிட்டதும், யாரும் சொல்லித்தராமலே வாசலருகே நெரிசல் உருவானது. வாடிக்கையாளருக்குத் திருப்தி.

அப்புறம்தான் கவனித்தேன். வாசல் நடுவில் இருந்தும், இடது பக்கத்தவர்கள் எப்போதும் முதலில் தப்பித்தார்கள். காரணம் என்னுடைய லூப், அதாவது ஒவ்வொரு ஆளாக எடுத்து நகர்த்தும் நிரல் பகுதி. ஆட்களை இடமிருந்து வலமாகப் பட்டியலில் சேர்த்திருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் பட்டியலின் தலையில் இருப்பவருக்கே காலி இடம் முதலில் கிடைத்தது. நான் எழுதாமலே ஒரு விதி உள்ளே நுழைந்திருந்தது.

பெரிய ஆட்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1992-ல் மார்ட்டின் நோவாக்கும் ராபர்ட் மேயும் 'நேச்சர்' அறிவியல் இதழில் ஒரு கணினி மாதிரியை வெளியிட்டார்கள். கட்டம் போட்ட பலகையில் கட்டத்துக்கு ஒருவர். பக்கத்துக் கட்டத்தாருடன் ஒத்துழைப்பார், அல்லது ஏமாற்றுவார். அடுத்த சுற்றில், சுற்றியிருப்பவர்களில் அதிகம் சம்பாதித்தவரைக் காப்பியடிப்பார். இரு தரப்பும் சேர்ந்தே நிலைத்தன. திரையில் கோலம் கோலமாக வடிவங்கள். அடுத்த ஆண்டு பெர்னார்டோ ஹ்யூபர்மனும் நடாலி கிளான்ஸும் ஒன்றை மட்டும் மாற்றினார்கள்: எல்லோரும் ஒரே கணத்தில் மாறாமல் ஒருவர்பின் ஒருவராக மாறட்டும். கோலம் கலைந்து, பலகை முழுக்க ஏமாற்றுக்காரர்கள். ஏமாற்றினால் கிடைக்கும் லாபத்துக்கு வேறு மதிப்புகள் கொடுத்தால் ஒத்துழைப்பு தாக்குப்பிடிக்கும் என்று நோவாக் குழு பின்னர் பதில் சொன்னது. சரி, அந்த மதிப்புகளையும் சோதித்த பிறகுதானே அதைச் சொல்ல முடிந்தது?

இந்த வகைப் பிழையில் நிரல் விழாது, எர்ரர் வராது. ஏஜென்ட்டைத் தனியாக எடுத்து எழுதிய டெஸ்ட் எல்லாம் பச்சையாகவே, அதாவது பாஸாகவே இருக்கும், ஏனென்றால் தனியாக அது சரியாகத்தான் நடக்கிறது. இவ்வகை சிமுலேஷனுக்கென்றே உள்ள 'நெட்லோகோ' போன்ற கருவியில் வரிசையைக் கருவியே ஒவ்வொரு முறையும் குலுக்கிவிடுகிறது. பைத்தானில் நாமே எழுதும் பட்டியல் அப்படிக் குலுங்காது. குலுக்கிய பிறகும், ரேண்டம் விதை எண்ணை (குலுக்கலைத் தொடங்கிவைக்கும் எண்) மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்ட வேண்டும், எண்ணையும் குறித்துவைக்க வேண்டும். ஒரே ஓட்டத்தின் வீடியோவை அறிக்கையில் ஒட்டித் தருபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

திருத்தி ஓட்டியபோது வெளியேறும் மொத்த நேரம் பெரிதாக மாறவில்லை. அதைச் சொல்ல வாடிக்கையாளருக்குப் போன் செய்தேன். கடைசியாகச் சிக்குபவர்கள் வலது மூலையில்தான் என்று என் அறிக்கையை நம்பி, கூடுதல் காவலர்களை அங்கே நிறுத்த அவர் ஏற்கெனவே திட்டம் போட்டிருந்தார்.