வரி குறைந்த மறுநாளே எண்ணெய் விலை ஏன் குறைவதில்லை? மளிகைக் கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

சமையல் எண்ணெய் வரி பற்றிய செய்தி டி.வி.யில் ஓடிய மறுநாள் காலை, தெருமுனை மளிகைக் கடைகளில் இரண்டில் ஒன்று நடக்கும். வரி குறைந்திருந்தால், "பத்து சதவீதம் குறைச்சாச்சுல்ல, நீங்க ஏன் அண்ணாச்சி இன்னும் பழைய விலையே சொல்றீங்க?" என்று தகராறு. வரி கூடியிருந்தால், கடைக்காரர் வட்டிக்குப் பணம் வாங்கி, இடம் கொள்ளாமல் டின் அடுக்குவார். மளிகைக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிற நாங்கள் இந்த இரண்டையும் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அப்படி அடுக்கி வைத்து நொடித்துப்போன இன்னொரு கடையின் நோட்டுப் புத்தகங்கள் மேசைக்கு வந்த பிறகு, பொறுமையாக எல்லாருக்கும் ஒருமுறை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடலாம். 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படைச் சுங்க வரி, அதாவது இறக்குமதிக்குக் கட்டும் வரி, பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமானது. செஸ், சர்சார்ஜ் என்ற கூடுதல் வரிகளையும் சேர்த்தால் 5.5 சதவீதமாக இருந்த மொத்த வரி 27.5 ஆனது. சுத்திகரித்த எண்ணெய்க்கு 13.75 சதவீதம் 35.75 ஆனது. 2025 மே மாதக் கடைசியில் கச்சா எண்ணெயின் அடிப்படை வரியை 10 ஆகக் குறைத்தார்கள், மொத்தம் 16.5. சுத்திகரித்த எண்ணெயின் வரி அப்போது குறையவில்லை. வெளிநாட்டு ஆலையில் சுத்திகரித்து வருவதைவிட, கச்சாவாக வந்து உள்ளூர் ஆலையில் சுத்திகரிக்கப்படட்டும் என்பதற்காகத்தான் இந்த இடைவெளி. நாட்டில் செலவாகும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி என்பதால், இந்த எண்கள் தெருமுனைக் கடை வரைக்கும் வரத்தான் செய்யும். எவ்வளவு வரும், எப்போது வரும் என்பதில்தான் எல்லாரும் தப்புக்கணக்கு போடுகிறார்கள்.

"வரி 10 சதவீதம் குறைந்தால் விலையும் 10 சதவீதம் குறைய வேண்டும்." இதைவிட எரிச்சலூட்டும் தப்புக்கணக்கு வேறில்லை. பேப்பரை எடுத்துப் போட்டுப் பாருங்கள். கச்சா எண்ணெய் டன் 1,100 டாலர், ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். துறைமுகத்துக்கு வந்து சேரும்போது கிலோ 93 ரூபாய் 50 காசு. 27.5 சதவீத வரி என்றால் கிலோவுக்கு 25 ரூபாய் 71 காசு. 16.5 என்றால் 15 ரூபாய் 43 காசு. வித்தியாசம் கிலோவுக்கு 10 ரூபாய் 28 காசு. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம், ஆகவே லிட்டருக்கு 9 ரூபாய் 36 காசு. மேலே 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 9 ரூபாய் 80 காசு சொச்சம். கடையில் 150 ரூபாய்க்கு விற்கிற லிட்டரில் இது ஆறரை சதவீதம். பத்து அல்ல. ஆலையிலிருந்து கடைவரை இடையில் யாரும் ஒரு காசுகூட வைத்துக்கொள்ளாவிட்டாலும் குறையக்கூடிய உச்சபட்சத் தொகை இவ்வளவுதான்.

இதே கணக்கில் டாலர் விலையை மாற்றிப் பாருங்கள். டன்னுக்கு 100 டாலர் ஏறினால் வரியோடு சேர்த்துக் கிலோவுக்கு 9 ரூபாய் 90 காசு ஏறும். வரிக் குறைப்பு தந்த பத்து ரூபாய் அப்படியே போய்விட்டது. டாலர் 85 ரூபாயிலிருந்து 88 ஆனால் அதுமட்டும் கிலோவுக்கு 3 ரூபாய் 84 காசு. வரிக் குறைப்பு எட்டுக்காலச் செய்தியாகிறது. டாலர் ஏறியதையும் இந்தோனேசியாவில் பாமாயில் விலை ஏறியதையும் மளிகை வாங்குகிறவர் யாரும் படிப்பதில்லை. 2022 ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது, மே 23 அன்று திறந்துவிட்டது. நம் பக்கம் வரியில் எதுவும் மாறாமலேயே அந்த மூன்றரை வாரம் எண்ணெய் வியாபாரிகளின் தூக்கத்தைக் கெடுத்தது.

அடுத்தது காலம். இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து பாமாயில் கப்பல் சீக்கிரம் வந்துவிடும். கருங்கடலிலிருந்து சூரியகாந்தியும் அர்ஜென்டினாவிலிருந்து சோயாவும் வந்து சேர வாரங்கள் ஆகும். பிறகு துறைமுகத் தொட்டி, சுத்திகரிப்பு ஆலை, பாக்கெட், டிப்போ, ஏஜென்சி, அதற்குப் பிறகுதான் கடை. 2024 செப்டம்பரில் வரி கூடியபோது, பழைய வரியில் வந்த எண்ணெய் சுமார் 30 லட்சம் டன், 45 முதல் 50 நாளைக்குப் போதுமானது, கையிருப்பில் இருக்கிறது. அது தீரும்வரை விலையை ஏற்றாதீர்கள் என்று அரசே ஆலைகளிடம் கேட்டுக்கொண்டது. வரி மாறும் நாளில் இத்தனை வாரச் சரக்கு பழைய வரியில், துறைமுகத்திலிருந்து கடை வரை நீளும் இந்தக் குழாயில் கிடக்கிறது என்பதை அந்த அறிவிப்பிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். இறங்கும்போதும் அதே குழாய்தான்.

"பழைய சரக்குதானே, ஏன் புது விலை?" என்ற கேள்விக்கு வருகிறேன். கடைக்காரரைத் திருடனாக்குவது இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். ஒருவர் 15 கிலோ டின் 2,000 ரூபாய் வீதம் பத்து டின் வாங்கினார். டின்னுக்கு 60 ரூபாய் லாபம் வைத்து 2,060க்கு எல்லாம் விற்றார். கல்லாவில் 20,600 ரூபாய். இதற்குள் ஏஜென்சி விலை 2,300 ஆகிவிட்டது. இந்தப் பணத்தில் எட்டு டின் வாங்கலாம். மிச்சம் 2,200 ரூபாய். ஒன்பதாவது டின்னுக்கே நூறு ரூபாய் குறைகிறது. அந்த 600 ரூபாய் லாபத்தை வீட்டுச் செலவுக்கு எடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். லாபம் வந்ததாகக் கணக்குப் புத்தகம் சொல்லும்; கடையில் சரக்கு குறைந்திருக்கும். இப்படி மூன்று சுற்று போனால் அலமாரி காலியாகும். குடும்பமே நின்று வேலை பார்க்கிற கடையில், மனைவிக்கும் மகனுக்கும் சம்பளம் எழுதாததால் இந்த ஓட்டை ரொம்ப நாள் வெளியே தெரியாது. ஆகவே அடுத்த சரக்கு வாங்கும் விலையை வைத்து விற்பனை விலை போடுவதுதான் சரியான வியாபாரம். அதற்கு எல்லை எம்.ஆர்.பி. பாக்கெட்டில் அச்சான விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டப்படி குற்றம், கொள்முதல் எவ்வளவு ஏறியிருந்தாலும் சரி. எண்ணெய் பாக்கெட்டுகளில் எம்.ஆர்.பி.க்கும் கடைகள் விற்கும் விலைக்கும் நல்ல இடைவெளி இருக்கும். நேற்று 148க்குக் கொடுத்ததை இன்று 156க்குக் கொடுப்பது அந்த இடைவெளிக்குள் நடப்பது.

கடைக்காரர்களே, இதே நியாயம் திரும்பியும் வேலை செய்ய வேண்டும். ஏறும்போது "அடுத்த சரக்கு விலை" என்றும், இறங்கும்போது "நான் வாங்கின விலை" என்றும் பேசக்கூடாது. ஏஜென்சி விலை இறங்கிய வாரமே உங்கள் விலையும் இறங்க வேண்டும், கையிருப்பில் நஷ்டம் வந்தாலும். அந்த நஷ்டத்தை ஏறிய மாதத்தில் வந்த கூடுதல் லாபத்திலிருந்துதான் ஈடுகட்ட வேண்டும். அந்தக் கூடுதல் லாபத்தைத் தனியாக எழுதி வைக்காமல் செலவழித்தவர்கள்தான் இறங்கும்போது விலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பதுக்கல் கணக்கையும் பார்த்துவிடுவோம். இரண்டு லட்சம் ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கி நூறு டின் அடுக்கினால் மாதம் 6,000 ரூபாய் வட்டி, அதாவது டின்னுக்கு 60 ரூபாய். உங்கள் முழு லாபமே அதுதான். ஒரே மாதத்தில் விற்றாலும் கையில் ஒன்றும் நிற்காது. இரண்டு மாதம் இருந்தால் விலை ஏறினால்தான் தப்பலாம். 2024 செப்டம்பருக்குப் பிறகு இன்னும் ஏறும் என்று நம்பி, குறைப்பு வந்த 2025 மே வரை பிடித்து வைத்திருந்தவர்கள் கட்டிய வட்டியை எண்ணிப் பாருங்கள். பத்து நாள் விற்பனைக்கு மேல் எண்ணெய் வாங்காதீர்கள். ஏஜென்சி ஸ்கீம் என்று எதைக் காட்டினாலும் வாங்காதீர்கள்.

துவரம் பருப்பு வேறு கதை. 2021 மே முதல் துவரை இறக்குமதியை அளவுக் கட்டுப்பாடு இல்லாமல் திறந்து வைத்திருந்தார்கள். 2023 மார்ச்சில் முழுத் துவரைக்கு இருந்த சுங்க வரியையும் நீக்கினார்கள். அப்படியிருந்தும் 2023இல் விலை உச்சிக்குப் போனது. காரணம் விளைச்சல். ஜூன், ஜூலையில் விதைத்து டிசம்பர் கடைசியிலிருந்து அறுக்கிற பயிர். கர்நாடகத்தின் கலபுரகி, மகாராஷ்டிரப் பக்கம் மழை தவறினால் நம் சாம்பார் விலை ஏறும். மொசாம்பிக், மியான்மர் சரக்குதான் இடைவெளியை நிரப்பும். இன்னொரு விஷயம்: 2025-26க்கான துவரையின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,000 ரூபாய். நூறு கிலோ துவரையை உடைத்தால் 70 முதல் 75 கிலோ பருப்புதான் கிடைக்கும். ஆகவே ஆலைக்கூலி, லாரி வாடகை, சாக்கு எல்லாம் சேருவதற்கு முன்பே கிலோ 107 முதல் 114 ரூபாய் ஆகிவிடுகிறது. தோலும் குருணையும் மாட்டுத்தீவனமாக விற்பதில் கொஞ்சம் திரும்பி வரும். "விவசாயிக்கு 80 ரூபாய், கடையில் 130 ரூபாயா?" என்று கேட்பவர்கள் இந்த உடைப்புக் கணக்கைப் பார்க்க வேண்டும். உளுந்து நம் டெல்டாவில் நெல் அறுத்த தரிசில் விளைந்து மார்ச், ஏப்ரலில் வரும். அப்போது ஒரு கோடை மழை பெய்தால் இட்லிக்கடைக்காரர்கள் வரை பாதிப்பு.

அரிசியில் ஏற்றுமதி வரிதான் வேலை செய்யும், அதுவும் தலைகீழாக. புழுங்கல் அரிசி ஏற்றுமதிக்கு 2023 ஆகஸ்டில் 20 சதவீத வரி போட்டதால் வெளியே போவது குறைந்து உள்ளூரில் நின்றது. 2024 செப்டம்பரில் அது 10 ஆகி, அக்டோபரில் அடியோடு நீங்கியது. வரி நீங்கியதென்றால் மலிவு என்று நினைக்காதீர்கள். ஏற்றுமதி வரி நீங்கினால் உள்ளூர் விலைக்கு ஏறத்தான் இடம். இத்துடன் புது அரிசி, பழைய அரிசி வித்தியாசம் வேறு இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் இந்த வரிகள் எதுவும் சம்பந்தப்படவில்லை. 2025இல் அது ஏறியது கொப்பரைத் தட்டுப்பாட்டால். காங்கேயம் கொப்பரை விலையைப் பார்த்தாலே போதும்.

ஜி.எஸ்.டி.யைச் சுங்க வரியோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். ஜி.எஸ்.டி. பில்லில் தெரிகிற வரி. 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, பற்பசை, பிஸ்கட், நெய் போன்றவற்றுக்கு விகிதம் குறைந்தபோது, சாதாரணப் பதிவு பெற்ற கடை அன்று முதல் பழைய சரக்குக்கும் புது விகிதம்தான் போட்டிருக்க வேண்டும். அங்கே "பழைய சரக்கு" என்று சாக்குச் சொல்ல முடியாது, வாங்கியபோது கட்டிய வரியை உள்ளீட்டு வரி என்று காட்டி, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடைக்கு அந்த வசதி இல்லை. அவர் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கவும் கூடாது. 25 கிலோ வரையிலான பொட்டலமிட்ட, லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம். சில்லறையாக அளந்து கொடுப்பதற்கு இல்லை. 26 கிலோ மூட்டைகள் கடைகளில் முளைத்தது இதனால்தான். மூட்டை விலையைக் கேட்காதீர்கள், கிலோ விலையைக் கேளுங்கள்.

வாங்குகிறவர்கள் தயவுசெய்து பாக்கெட்டின் எடையைப் படியுங்கள். விலை ஏறும் காலத்தில் 910 கிராம் பாக்கெட் 850 ஆகிறது, 800 ஆகிறது. கவர் அதே அளவில்தான் இருக்கும். சட்டப்படி ஒரு கிராமுக்கோ மில்லி லிட்டருக்கோ எவ்வளவு என்ற அலகு விலையும் அச்சிட்டிருக்க வேண்டும். அதைப் பார்த்து ஒப்பிடுங்கள். கடலை எண்ணெய்க்கும் பாமாயிலுக்கும் விலை இடைவெளி பெரிதாகும்போது கலப்படமும் கூடும். மலிவாகக் கிடைக்கும் "கடலை எண்ணெய்" பாக்கெட்டின் பின்பக்கத்தில் கலப்பு எண்ணெய் என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். திறந்த டின்னிலிருந்து எண்ணெய் அளந்து ஊற்றுவது உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி கூடாது. விற்பவரும் நிறுத்துங்கள், வாங்குபவரும் நிறுத்துங்கள்.

கடைக்காரர்களுக்கு இன்னும் சில. வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய், துவரை, உளுந்து, சர்க்கரை, அரிசி ஐந்துக்கும் ஏஜென்சி விலையை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். விருதுநகர் மார்க்கெட் விலை பேப்பரிலேயே வருகிறது, அதையும் பக்கத்தில் எழுதுங்கள். யாராவது விலை கேட்டுச் சண்டை போட்டால் அந்த நோட்டைத் திருப்பிக் காட்டுங்கள். பருப்பில் சாக்குக்கு எவ்வளவு தூசியும் எடைக்குறைவும் போகிறது என்று நிறுத்துப் பார்த்து அதை விலையில் சேருங்கள். சேர்க்காமல் எடையில் கை வைக்காதீர்கள். பற்று நோட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதாமல் பொருளையும் அன்றைய விலையையும் எழுதுங்கள். விலை ஏறும் மாதத்தில் நாற்பத்தைந்து நாள் கடன் என்பது, மேலே சொன்ன ஒன்பதாவது டின் கணக்கேதான். பற்று வைக்கிற வீட்டுக்காரர்களுக்கும் இதையே சொல்கிறேன்: எண்ணெய், பருப்பு ஏறுகிற மாதத்தில் மற்றதை எப்படி வைத்திருந்தாலும் இந்த இரண்டின் பாக்கியை மட்டும் சம்பளம் வந்த அன்றே கொடுத்துவிடுங்கள், உங்களுக்காக அவர் அடுத்த டின்னை எடுத்து வைக்க அந்தப் பணம்தான் வேண்டும்.