பக்கம் யார் பெயரில் இருக்கிறது?

சமூக ஊடக விளம்பரத்துக்கு ஆலோசனை கேட்டு வரும் கடைக்காரர்கள் பெரும்பாலும் எடுத்தவுடன் கேட்பது, "பத்தாயிரம் ஃபாலோயர் வர எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். உங்கள் கடையின் ஃபேஸ்புக் பக்கம் யார் பெயரில் இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். பலர் விழிக்கிறார்கள்.

ஈரோட்டுக்கு அருகே ஒரு ஜவுளிக் கடையில், பக்கத்தை உருவாக்கிக் கொடுத்த ஊழியர் அதைத் தன் சொந்த ஃபேஸ்புக் கணக்கிலிருந்தே தொடங்கியிருந்தார். சம்பளத் தகராறில் அவர் நின்றுவிட்டபோது பக்கமும் அவரோடு போய்விட்டது. கடையின் பெயர், புடவைப் படங்கள், வாடிக்கையாளர் கேட்ட கேள்விகள் எல்லாம் அவர் கைப்பேசியில். கல்லாச் சாவியை மகனிடம்கூடக் கொடுக்காத முதலாளி, ஓடிபி வரும் எண் யாருடையது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் பிசினஸ் கணக்கைக் கடை உரிமையாளர்தான் தொடங்க வேண்டும். முழு அதிகாரமும் அவரிடமே இருக்கட்டும்; ஊழியருக்கோ விளம்பர நிறுவனத்துக்கோ பதிவிடும் அனுமதி மட்டும் போதும்.

இவ்வளவு செய்தாலும் அந்த இடம் நம்முடையதல்ல. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. டிக்டாக்கை மட்டுமே நம்பியிருந்த சிறு வியாபாரிகள் தங்கள் வாடிக்கையாளர்களை மறுபடி எப்படித் தொடர்புகொள்வது என்று தெரியாமல் நின்றார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. அதனால் வாங்கியவரின் பெயரையும் எண்ணையும், அவர் சம்மதத்தோடு, உங்கள் நோட்டில் தனியாகக் குறித்து வையுங்கள்.

அடுத்தது பணம். காசு கட்டி ஒரு பதிவைப் பலருக்குக் காட்டும் 'பூஸ்ட்' பொத்தானை அழுத்திவிட்டு, லைக் வந்தது, ஆள் வரவில்லை என்று புலம்புவார்கள். குறை, விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்யும் இயந்திரத்துடையது அல்ல. லைக் வேண்டும் என்று நாம் இலக்கு வைத்தால், லைக் போடும் பழக்கமுள்ளவர்களைத் தேடிப் பிடித்து அவர்களுக்கு விளம்பரத்தைக் காட்டும். வாட்ஸ்அப்பில் விசாரணை வர வேண்டும் என்று இலக்கு வைத்தால், தேடும் ஆட்களே வேறு. திருப்பூரில் ஒரே கிளை வைத்திருக்கும் பேக்கரி தமிழ்நாடு முழுக்க விளம்பரம் காட்டுவதும் வீண். கடையைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் காட்டினால் போதும். காசு கொடுத்து வாங்கும் ஃபாலோயர்களைப் பற்றி எழுதவே அலுப்பாக இருக்கிறது. போலிக் கணக்கு எதையும் வாங்காது.

விளம்பரம் வேலை செய்ததா என்பதைக் கல்லாவில் இருப்பவர் சொல்ல முடியும். "எங்கே பார்த்து வந்தீர்கள்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு ஒரு நோட்டில் குறித்துவரச் சொல்லுங்கள்.

ஆனால் வியாபாரம் அதிகம் நழுவும் இடம் கமெண்ட் பகுதிதான். புடவைப் படத்தின் கீழே "விலை என்ன?" என்று ஒரு பெண் கேட்கிறார். "இன்பாக்ஸ் பார்க்கவும் மேடம்" என்று பதில். இன்பாக்ஸில் விலை வருவது மறுநாள் காலை பதினொரு மணிக்கு. வேலையெல்லாம் முடித்து இரவு பத்து மணிக்குக் கேட்டவர், பத்தேகாலுக்கு வேறு கடையில் பணம் கட்டியிருப்பார். போட்டிக் கடைக்காரருக்கு விலை தெரிந்துவிடும் என்பது கடைக்காரர்கள் சொல்லும் காரணம். அவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதவர் வாங்க வந்தவர் மட்டுமே. விலை, நீளம், ரவிக்கைத் துணி உண்டா இல்லையா, தபால் செலவு ஆகிய நான்கையும் படத்தோடு எழுதிவிட்டால் பாதிக் கேள்விகள் எழாது. படத்தை ஃபில்டர் போடாமல் பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

பார்சலைத் திறக்கும் வீடியோ இருந்தால்தான் மாற்றித் தருவோம் என்ற நிபந்தனையும் இப்போது பரவலாகிவிட்டது. உடுத்திவிட்டுத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருப்பதால் விற்பவரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பணம் வாங்கிய பிறகு அதைச் சொல்வது நியாயமில்லை.

பாரம்பரிய அரிசி, மூலிகைப் பொடி விற்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்" என்று ரீல்ஸில் போடாதீர்கள். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விளம்பர விதிகள் தடுக்கின்றன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. காசு வாங்கிக்கொண்டு பரிந்துரைக்கும் பிரபலத்துக்கும் இது பொருந்தும். அது விளம்பரம் என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா அரிசியை விற்க மருத்துவம் பேசத் தேவையில்லை. எந்த ஊர் வயல், எப்போது அறுத்த நெல், எத்தனை மணி நேரம் ஊற வேண்டும், கஞ்சிக்கு எவ்வளவு தண்ணீர் என்று சமைத்துக் காட்டுங்கள்.