அவரவர் காட்சித் திரை

ஒரே திரை. எதிரே பத்துப் பேர் நிற்கிறார்கள். பத்துப் பேருக்கும் அதே நேரத்தில் வேறு வேறு படம் தெரிகிறது. இதை 'மல்டிவியூ டிஸ்ப்ளே' என்கிறார்கள். தமிழில் என்ன என்று கேட்டால் சட்டென்று வாயில் வருவது 'பல்காட்சித் திரை'. எனக்கு அதில் ஒரு சங்கடம். காவலாளி அறையில் ஒரு திரையை நான்காகப் பிரித்து வாசல், மாடிப்படி, வண்டி நிறுத்தம் எல்லாம் காட்டுவார்களே, அதுவும் பல்காட்சிதானே? அங்கே எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். இங்கே எனக்குத் தெரிவது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது.

அமெரிக்காவின் டெட்ராய்ட் விமான நிலையத்தில் 2022இல் டெல்டா விமான நிறுவனம் இப்படி ஒரு திரையை வைத்தது. விருப்பம் இருந்தால் பயணச்சீட்டை ஸ்கேன் செய்துகொள்ளலாம். மேலே இருக்கும் உணரிகள் நீங்கள் எங்கே நகர்கிறீர்கள் என்று கவனித்துக்கொள்ளும். திரையை நிமிர்ந்து பார்த்தால் உங்கள் பெயர், உங்கள் விமானம், உங்கள் வாயில். ஒரே சமயத்தில் நூறு பேர் வரை பார்க்கலாம். கண்ணாடி எதுவும் மாட்ட வேண்டாம். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பேரலல் ரியாலிட்டி'. அதை 'இணை மெய்ம்மை' என்று பெயர்த்தால் அறிவியல் புனைகதைத் தலைப்பு மாதிரி இருக்கும், பொருள் விளங்காது.

நடப்பது இதுதான். சாதாரணத் திரையில் ஒரு புள்ளி எல்லாப் பக்கமும் ஒரே நிறத்தை வீசும். இதில் ஒரு புள்ளி இந்தப் பக்கம் சிவப்பும் அந்தப் பக்கம் நீலமும் வீசும். அதை இரண்டு பேருக்கு மட்டும் செய்ய எளிய வழி, திரைக்கு முன்னால் மெல்லிய கோடுகளால் ஒரு மறைப்பு வைப்பது. இடப்பக்கம் இருப்பவருக்குச் சில புள்ளிகள் மறையும், வலப்பக்கம் இருப்பவருக்கு மற்றவை மறையும். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் பிரெடரிக் ஐவ்ஸ் இந்த உத்திக்கு 1903இல் காப்புரிமை பெற்றார். ஓட்டுநருக்கு வரைபடமும் பக்கத்து இருக்கைக்காரருக்குச் சினிமாவும் காட்டும் கார்த் திரை இந்த வகைதான். இந்த மறைப்பின் ஆங்கிலப் பெயர் 'பேரலாக்ஸ் பேரியர்'. அதில் உள்ள 'பேரலாக்ஸ்' மாறுதல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் பாடநூல்கள் 'இடமாறு தோற்றம்' என்கின்றன. நல்ல பெயர்ப்பு.

இன்னொரு வழி, வரிவரியான வில்லைகள் பதித்த பிளாஸ்டிக் தகடு. கோயில் வாசல் கடையில் பார்த்திருப்பீர்கள்: இந்தப் பக்கம் நின்றால் முருகன், நாலடி தள்ளிப் போனால் பிள்ளையார். சிறுவயதில் நகத்தால் சுரண்டி 'கிர்கிர்' என்று சத்தம் எழுப்பி அடி வாங்கியவர்கள் என்னைத் தவிரவும் இருப்பார்கள்.

சரி, பெயருக்கு வருவோம். 'பன்னோக்குத் திரை' அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பன்னோக்கு மருத்துவமனை வந்த பிறகு அந்தச் சொல் 'பலவற்றுக்கும் பயன்படும்' என்ற பொருளில் ஊன்றிவிட்டது. 'பல்கோணத் திரை' என்றால் எட்டு மூலை உள்ள பலகையா என்று கேட்பார்கள்.

'திரை'யை மட்டும் மாற்றவே கூடாது. திரைதல் என்றால் சுருங்குதல், மடிப்பு விழுதல். அதனால்தான் கடலலையும் திரை, முதுமையில் தோலில் விழும் சுருக்கமும் திரை. பிறகு மறைக்கும் துணிக்கும் அதே பெயர் இருந்தது. சினிமா வந்ததும் மறைப்பதற்கான சொல் காட்டுவதற்கு ஆனது. இந்தப் புதுக் கருவியில் எல்லாப் பழைய பொருளும் திரும்பிவிடுகின்றன: கோடுகளால் ஆன மறைப்பு ஒரு திரை, வில்லைத் தகட்டின் மேடுபள்ளம் அசல் அலைத்திரை.

முன்னால் எதைச் சேர்ப்பது? பன்மை இருப்பது திரையில் அல்ல, பார்ப்பவர்களிடம். அதற்குத் தமிழில் 'அவரவர்' இருக்கிறது. 'அவரவர் திரை' என்று நிறுத்தினால் அவரவர் கைப்பேசி என்று ஆகிவிடும். எனவே 'அவரவர் காட்சித் திரை'. திரை பொது, காட்சி அவரவருடையது. கொஞ்சம் நீளம்தான், ஆனால் 'மல்டிவியூ டிஸ்ப்ளே'யும் ஒன்றும் குட்டையில்லை.