கேட்காமல் போன அம்மா

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா என்ற இரண்டு தொற்றுநோய்களுக்கான தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் வரை எல்லோருக்கும் ஒரு ஊசி. வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியதால் பெற்றோர் தயங்கி, முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. குழந்தை மருத்துவராக அந்த நாட்களை என்னால் மறக்க முடியாது.

ஒரு அப்பா கோபமாக வந்தார். “பிள்ளைகளை மலடாக்குற ஊசியாமே?” கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் குழந்தை கண்புரையோடோ, காது கேளாமலோ, இதயக் கோளாறோடோ பிறக்கலாம் என்று விளக்கினேன். தனியாரில் பல வருடமாகப் போடும் எம்.எம்.ஆர். ஊசியும் இதுதான், கூடப் பொன்னுக்குவீங்கிக்கான மருந்தும் இருக்கும், அவ்வளவே. அரை மணி நேரம் கேள்வி கேட்டார். கேட்டவரை எனக்குப் பிடித்திருந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு வீடியோவை மூன்று குரூப்புக்கு அனுப்பியிருந்தார். பள்ளியில் மாணவிகள் வரிசையாக மயங்கி விழுகிறார்கள். ஊசி பயத்தில், வெறும் வயிற்றோடு நின்று ஒரு பிள்ளை மயங்கினால், அதைப் பார்த்துப் பயந்து இன்னும் நாலு பேர் மயங்குவதுண்டு. படுக்கவைத்துக் காலை உயர்த்தி வைத்தால் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். மருந்தால் வந்த மயக்கம் என்று கீழே யாரோ எழுதிய வரிதான் பொய். பேரப்பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையில்தான் அனுப்பினார். சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள், அதே குரூப்புகளில் விஷயத்தை எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

ஆனால் என்னை உறுத்துவது இன்னொரு அம்மா. அவர் யாருக்கும் அனுப்பவில்லை, எதுவும் கேட்கவில்லை. முகாம் அன்று மகனுக்குக் காய்ச்சல் என்று லீவு லெட்டர் கொடுத்துவிட்டார். சில மாதம் கழித்துத் தடுப்பூசி அட்டையைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. வாட்ஸ்அப் வதந்தி அவருக்கும் வந்திருந்தது. ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

“அன்னைக்கு இதே மெசேஜைக் காட்டுன ஒருத்தரைத் திட்டுனீங்களே மேடம். நான் வெளியே பெஞ்சுல உக்காந்திருந்தேன்.”

திட்டியது உண்மைதான். வெளியே இன்னும் எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்தார்களோ. அதற்கப்புறம் ஊசி போடும் முன் எல்லோரிடமும் நானே, “இதைப் பத்தி என்ன கேள்விப்பட்டீங்க?” என்று கேட்டுவிடுகிறேன்.

அந்த மெசேஜ் அந்த அம்மாவின் ஃபோனில் அப்போதும் இருந்தது. நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். இரண்டு பேருமாக முதல் வரியிலிருந்து படித்தோம்.